பித்தளை அண்டாவை விற்றால் அது வருமானமா?

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவி வருகிற வியாபாரியை உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்களில் அறியாதவர் யார்? இப்போது பேரீச்சம்பழத்துக்குப் பதில் ரொக்கம் தருகிறார்கள். சைக்கிள் கூடைக்குப் பதில் மூன்று சக்கர வண்டி வருகிறது. தொண்டைக்குப் பதில் ஒலிபெருக்கி கூவுகிறது. ஆனால் ஒன்று மாறவில்லை. எந்த வீட்டில் வேலை போயிற்று, எந்த வீட்டில் அடுப்பு அணைந்தது என்பதை ஊரில் முதலில் தெரிந்துகொள்கிறவர் அந்தப் பழைய சாமான் வியாபாரிதான். நேற்று வரை "விற்க ஒன்றுமில்லை, போய் வாப்பா" என்று சொன்ன அம்மாள், இன்று வண்டியை நிறுத்தச் சொல்கிறாள்.

அந்த வட்டாரத் தோழர்கள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். வேலையில்லாதவன் என்று எழுதிக் கொடுத்துச் சர்க்காரிடம் உதவித் தொகை வாங்குகிறவன், வீட்டிலுள்ள பழைய சாமானை விற்றுக் காசு பார்த்தால் அது குற்றமா? யாராவது மொட்டைக் கடுதாசி போட்டால் உதவித் தொகை நின்றுவிடுமா? வாங்கியதையெல்லாம் திருப்பிக் கட்டு என்பார்களா?

இந்தப் பயத்தில் பொழுது சாய்ந்த பிறகு அண்டாவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்க் கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தன் வீட்டுப் பொருளைத் தானே திருடிக்கொண்டு போவது போலப் போகிறார்கள். இருட்டில் வருகிறவனுக்குக் கடைக்காரன் என்ன விலை கொடுப்பான்? அவன் வைத்ததுதான் விலை. ஆகவே இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

கொடுப்பது எவ்வளவு?

முதலில், இந்த உதவித் தொகை எவ்வளவு என்று பார்ப்போம். சர்க்கார் ஏதோ கஜானாவைத் திறந்து வாரி வழங்குவது போலவும், வேலையில்லாதவன் அதில் சுகமாகப் படுத்துத் தூங்குவது போலவும் சில பெரிய மனிதர்கள் பேசுகிறார்கள்.

படித்து வேலையில்லாதவர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் பதிந்துவிட்டு 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வயது 40க்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. இத்தனையும் பொருந்தினால், பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்பு தேறியவருக்கு 400, பட்டதாரிக்கு 600. இதுவும் 3 ஆண்டுக்குத்தான்.

200 ரூபாயை 30 நாளுக்குப் பங்கிட்டால் நாள் ஒன்றுக்கு 7 ரூபாய் கூட வரவில்லை. டீக்கடையில் ஒரு டீக்கு அது காணாது. பட்டம் வாங்கியவருக்கு நாள் ஒன்றுக்கு 20 ரூபாய். இந்த 20 ரூபாய்க்காக, "நான் எந்த வேலையிலும் இல்லை, சுயதொழிலும் செய்யவில்லை" என்று ஆண்டுதோறும் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும்.

இனி ஆலைத் தொழிலாளியின் நிலை. இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் 2018 ஜூலை 1 முதல் ஒரு நிவாரணத் திட்டத்தைத் தொடங்கியது. வேலை இழந்தவருக்குச் சராசரி நாள் ஊதியத்தில் 25 சதவீதம்; ஆயுளில் ஒரே முறை; அதிகபட்சம் 90 நாள். வேலை போய் 90 நாள் கழிந்த பிறகுதான் மனுப் போடலாம் என்று முதலில் விதித்தார்கள். பட்டினியில் 90 நாள் தாக்குப் பிடிப்பவனுக்குத்தான் நிவாரணம் என்று பொருள்! கொரோனா முழு அடைப்பு வந்த 2020-ல், 25 சதவீதத்தை 50 ஆக்கினார்கள். 90 நாள் காத்திருப்பை 30 நாளாகக் குறைத்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வாங்கிய தொழிலாளிக்கு நாள் ஊதியம் 500 ரூபாய். 25 சதவீதம் என்றால் 125 ரூபாய். 90 நாளைக்கு 11,250 ரூபாய். 50 சதவீதம் என்றால் 22,500 ரூபாய். ஆனால் இது யார் பணம்? 2019 ஜூலையில் வந்த விகிதப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதமும், அவர் பெயரில் முதலாளி 3.25 சதவீதமும் இ.எஸ்.ஐ.க்குக் கட்ட வேண்டும். 15,000 ரூபாய்க்கு இரண்டும் சேர்ந்து மாதம் 600 ரூபாய். 5 ஆண்டில் 36,000 ரூபாய். அந்த நிதியில் மருத்துவம் முதலிய செலவும் அடங்கும் என்பது உண்மையே. ஆனாலும் தொழிலாளி பெறுவது பிச்சையல்ல. தன் உழைப்பிலிருந்து போன பணத்தில் ஒரு பங்கு. இதை மறக்கக் கூடாது.

இந்தப் பணமும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. 'விருப்ப ஓய்வு' என்ற தாளில் கையெழுத்துப் போட்டவருக்கு இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2014-ல் நோக்கியா தொழிற்சாலை மூடப்பட்டபோது ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 'விருப்பப்பட்டு' வெளியேறினார்கள் என்றுதான் காகிதம் சொல்கிறது. பூட்டப் போகிற ஆலையின் வாசலில் நிற்கிற இளைஞனுக்கு அது என்ன விருப்பம்?

விவசாயத் தொழிலாளிக்கோ, 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒரு உரிமையை எழுதியது. வேலை கேட்டு 15 நாளில் கொடுக்காவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கும், அதன் பிறகு அரைப் பங்கும் படியாகத் தர வேண்டும் என்றது. ஆனால் மனுக் கொடுத்ததற்குத் தேதி போட்ட ரசீது வேண்டும். ரசீது கொடுக்காமல் "அப்புறம் வா" என்று அனுப்பிவிட்டால், 15 நாள் எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

ஆக, நாள் ஒன்றுக்கு 7 ரூபாய், 20 ரூபாய், கால் கூலி, அரைக் கூலி. இதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் உயிர் வாழ முடியாது என்பது கொடுக்கிறவர்களுக்கும் தெரியும். அப்படியானால் மீதி எங்கிருந்து வரும்? வீட்டுப் பரணிலிருந்துதான் வரும். காயலான் கடையிலிருந்துதான் வரும்.

சொந்தப் பொருள் வேறு, வியாபாரச் சரக்கு வேறு

இங்கே இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிக்காமல் பேசுவதால்தான் பயமும் வருகிறது, பழியும் வருகிறது.

ஒருவன் வேலைக்குப் போக 5,000 ரூபாய் கொடுத்து சைக்கிள் வாங்கினான். வேலை போயிற்று. சைக்கிளை 1,200 ரூபாய்க்கு விற்றான். இதில் அவனுக்கு 1,200 ரூபாய் வருமானமா, 3,800 ரூபாய் நஷ்டமா? கல்யாணத்துக்குத் தாய் வீட்டில் கொடுத்த அண்டாவை ஒரு பெண் எடைக்குப் போட்டால், அன்று அவள் சம்பாதித்தாளா, இழந்தாளா? சொந்தப் பொருளை விற்பது தொழில் அல்ல. கையில் இருந்த பொருள் காசாக மாறுகிறது. அந்தக் காசும் அரிசியாக மாறி ஒரு வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. இதை வேலை என்றோ சுயதொழில் என்றோ சொல்வது நியாயத்துக்கும் பொருந்தாது, புத்திக்கும் பொருந்தாது.

மற்றொன்று உண்டு. ஒருவர் ஊர் ஊராகப் போய்ப் பழைய செல்போன், பழைய துணி, பழைய இரும்பு என்று விலைக்கு வாங்கி, லாபம் வைத்துச் சந்தையில் விற்கிறார். வாரா வாரம் போகிறார். இது உழைப்பு, கௌரவமான உழைப்பு. ஆனால் இது சுயதொழில் என்ற சொல்லுக்குள் வருகிறது. இதைச் செய்துகொண்டே "சுயதொழில் இல்லை" என்று கையெழுத்துப் போட்டால் அந்தத் தாளில் எழுதியது பொய்யாகிவிடும். இதையும் மறைக்காமல் சொல்வது நம் கடமை.

இரண்டுக்கும் நடுவே நிற்கிறவர்கள் பலர். சொந்த வீட்டுச் சாமான் தீர்ந்த பிறகு அண்ணன் வீட்டுச் சாமானையும் சேர்த்து விற்றுக் கொடுத்து 50 ரூபாய் பெறுகிறவர். குப்பையில் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எடைக்குப் போடுகிறவர். இவர்களை எந்தத் தட்டில் வைப்பது? இதற்குத் தெளிவான அளவு விதியில் இல்லை. அளவு இல்லாத இடத்தில் அதிகாரியின் மனம்தான் அளவு. பக்கத்து வீட்டுக்காரனின் பொறாமைதான் சாட்சி.

பணக்காரனுக்கு ஒரு நியாயமா?

சட்டம் இந்த வேற்றுமையை அறியாதது அல்ல. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தைப் பாருங்கள். ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் கார், சோபா, துணிமணி முதலியவற்றை 'மூலதனச் சொத்து' என்று அது கணக்கில் சேர்க்கவில்லை. நகை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு இல்லை. ஆகவே மாளிகைக்காரர் தம் பழைய காரை விற்றால் அது வரி போடத்தக்க லாபம் ஆகாது. நல்லது; நியாயம்தான். மாளிகைக்காரரின் பழைய கார் வருமானம் இல்லை என்றால், குடிசைக்காரியின் பழைய அண்டா மட்டும் எப்படி வருமானம் ஆகும்?

நீதிமன்றமும் இதைப் போன்ற ஒரு கேள்வியைச் சந்தித்திருக்கிறது. டில்லியில் வேலை நீக்கம் செய்யப்பட்ட ஒருவர், வழக்கு நடந்த காலத்தில் மாமனார் வீட்டில் குடும்பத்தோடு தங்கி, அவருடைய கரிக் கிடங்கில் ஒத்தாசை செய்து சாப்பிட்டு வந்தார். "அவர்தான் வேறு வேலையில் இருந்தாரே, பாக்கிச் சம்பளம் எதற்கு?" என்றது முதலாளித் தரப்பு. 1984-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள இப்படிச் செய்ததை வருமானம் தரும் வேலை என்று சொன்னால், நாளை வேலை போனவன் பிச்சை எடுத்ததையும் வேலை என்று முதலாளி வாதிடலாமே என்ற கருத்தை நீதிபதிகள் சொன்னார்கள். அது பாக்கிச் சம்பள வழக்கு. உதவித் தொகை வழக்கு அல்ல. ஆனால் அதிலுள்ள நியாயம் ஒன்றுதான். உயிர் பிழைக்கச் செய்கிற காரியம் வேறு, பிழைப்பாகச் செய்கிற தொழில் வேறு.

பஞ்சாலைகளில் துணி தேங்கிக் கதவடைக்கும் நிலை வந்த 1953-ல், லே-ஆஃப் செய்யப்பட்ட தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி என்று தொழில் தகராறு சட்டத்தில் சேர்த்தார்கள். பதிலித் தொழிலாளிக்கு அது இல்லை என்பது பெரிய குறை. ஆனால் எப்போது அந்தப் பாதி கிடைக்காது என்று அந்தச் சட்டம் எண்ணிச் சொன்னது: மாற்று வேலை தந்தால் மறுக்கக் கூடாது; நாளுக்கு ஒரு முறை ஆலைக்கு வந்து முகம் காட்ட வேண்டும்; வேறு பகுதித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் வந்த லே-ஆஃபாக இருக்கக் கூடாது. இவை மூன்றுதான். சந்தையில் சைக்கிளை விற்றாயா என்று அது கேட்கவில்லை.

பிரிட்டனில் நடந்தது

வேலையில்லாதவன் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற புத்தி நம் நாட்டில் மட்டும் தோன்றியதல்ல. 1931-ல் பிரிட்டிஷ் சர்க்கார் குடும்ப வருமானச் சோதனை என்று ஒன்றைக் கொண்டு வந்தது. சோதனைக்காரர் வீட்டுக்கு வருவார். மகன் கொண்டு வரும் கூலியையும் மகள் கொண்டு வரும் கூலியையும் கணக்கில் சேர்த்துத் தகப்பனின் படியை வெட்டுவார். பெற்றவனுக்குப் பாரமாக இருக்க வேண்டாம் என்று பிள்ளைகள் வீட்டை விட்டுப் போனார்கள். தொழிலாளிகள் சும்மா இருக்கவில்லை. 1932-ல் வேலையில்லாதோர் இயக்கம் நாட்டின் பல மூலைகளிலிருந்து லண்டனுக்குப் பட்டினிப் பயணம் நடத்தியது. போலீஸ் தடி அவர்கள் மண்டையில் விழுந்தது. ஆனாலும் அந்தச் சோதனை நிலைக்கவில்லை. 1941-ல் குடும்ப வருமானச் சோதனை நீக்கப்பட்டது.

அதே பிரிட்டனில், 2021 இறுதியில் வந்த விகிதப்படி, உதவி பெறுகிறவர் சிறிது சம்பாதித்தால் உதவி முழுவதையும் பிடுங்குவதில்லை; சம்பாதிக்கிற ஒவ்வொரு 100 பென்ஸுக்கும் உதவியில் 55 பென்ஸ் குறைகிறது. சொந்தப் பழைய சாமானை விற்ற காசு சம்பாத்தியக் கணக்கில் வருவதில்லை. வாங்கி விற்கும் வியாபாரம்தான் வருகிறது. அந்த நாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. 55 பென்ஸ் வெட்டும் கொடியதே. ஆனால் முதலாளித்துவ நாட்டிலேயே முடிகிற ஒரு ஏற்பாடு இங்கே ஏன் முடியாது? இங்கே விதி என்ன சொல்கிறது? ஒன்று, எந்தத் தொழிலும் செய்யாமல் 20 ரூபாயில் சாவு. அல்லது 100 ரூபாய் சம்பாதித்து அந்த 20 ரூபாயையும் இழ. இப்படிப்பட்ட விதி உழைக்க நினைப்பவனை முடக்குகிறது. உண்மை பேச நினைப்பவனைப் பொய்யனாக்குகிறது.

பொய் எழுத வேண்டாம், தோழர்களே!

அப்படியானால் மறைத்துவிடலாமா? வேண்டாம் என்பதே நம் யோசனை. சர்க்கார் மேல் உள்ள பக்தியால் இதைச் சொல்லவில்லை. பொய்யான உறுதிமொழி என்பது நம் கழுத்தில் நாமே மாட்டிக்கொள்ளும் சுருக்கு. கயிற்றின் மறுமுனை யார் கையில்? அதிகாரி கையில், ஊர்ப் பெரியதனக்காரன் கையில். நாளைக்குக் கூலி உயர்வு கேட்டு முன்னால் நிற்கும்போது, "உன் விஷயம் எனக்குத் தெரியும், உட்கார்" என்பான். 600 ரூபாய்க்கு நம் வாயை விற்றவர்களாகி விடுவோம். பழைய சாமானிலேயே மிக மலிவாக விற்ற சாமான் அதுதான்.

ஆகவே, சொந்தப் பொருளை விற்கிறவர்கள் பகலிலேயே விற்கட்டும். நாலு கடையில் விலை கேட்டு விற்கட்டும். என்ன பொருள், எவ்வளவுக்கு, எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். யாராவது கேட்டால் அந்த நோட்டைக் காட்டலாம். வாங்கி விற்கும் வியாபாரமாக அது வளர்ந்துவிட்டால், அடுத்த உறுதிமொழிக்கு முன்பே அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்துவிடலாம். எது எந்த வகை என்ற சந்தேகம் வந்தால் தனியாகத் தவிக்க வேண்டாம். சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்து மனு எழுதுவோம். மொட்டைக் கடுதாசி போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உன் பக்கத்து வீட்டுக்காரனின் 20 ரூபாயைத் தடுத்தால் அது உன் அடுப்புக்கு வராது. கஜானாவிலேயே கிடக்கும்.

குடவோலை ஊரில் யார் கணக்குக் காட்டுவது?

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் குடவோலை நினைவுக்கு வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 என்ற ஆண்டுகளுக்கு உரியவை, இன்றும் இருக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரையும் அவன் உறவினர் பெயரையும் குடத்தில் இடக் கூடாது என்று அவை சொல்கின்றன. நல்ல விதி. ஆனால் அதே கல்வெட்டு, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவன் பெயரைத்தான் குடத்தில் இடலாம் என்றும் சொல்கிறது. அந்த நிலத்தில் நாற்று நட்டவன் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை.

ஆனாலும் அந்த விதியின் உட்பொருளைக் கவனியுங்கள். பொதுப் பணத்தைக் கையாண்டவன்தான் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது அது. அண்டா விற்றவள் காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆயிரம் ஆண்டு கழித்து இந்த நியாயம் தலைகீழாகிவிட்டது. 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். இதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே சொன்னது. அந்தச் சலுகையைப் பெற்ற கம்பெனிகளில் எந்த முதலாளியாவது, "இதைக் கொண்டு இத்தனை பேருக்கு வேலை கொடுத்தேன்" என்று ஆண்டுதோறும் உறுதிமொழி எழுதிக் கொடுக்கிறாரா? எழுதிக் கொடுக்க வேண்டியவன் 600 ரூபாய் வாங்கும் பட்டதாரி மட்டும்தானா?

நாம் கேட்பது

நாம் கேட்பவை நான்கு.

1. சொந்த வீட்டுப் பொருளை விற்ற பணம் வருமானமும் அல்ல, சுயதொழிலும் அல்ல என்று விதியிலேயே தெளிவாக எழுத வேண்டும்.

2. சில்லறை உழைப்பில் வரும் சிறு சம்பாத்தியத்துக்கு ஒரு வரம்பு வைத்து, அது வரை உதவித் தொகையில் கை வைக்கக் கூடாது. அதற்கு மேல் போனால் படிப்படியாகக் குறைக்கலாம்; ஒரேயடியாக வெட்டக் கூடாது.

3. மாதம் 200, 300 என்ற அற்பத் தொகையை, மனிதன் உண்டு உடுத்தி வேலை தேடப் போதுமான தொகையாக உயர்த்த வேண்டும். இ.எஸ்.ஐ. நிவாரணத்தில் 'ஆயுளில் ஒரே முறை' என்ற நிபந்தனையை எடுக்க வேண்டும். ஆயுளில் ஒரே முறைதான் ஆட்குறைப்பு நடக்கும் என்று எந்த முதலாளியும் எழுதிக் கொடுக்கவில்லையே!

4. வேலை கேட்டு மனுக் கொடுக்கிற ஒவ்வொரு விவசாயத் தொழிலாளிக்கும் அன்றைய தேதியிட்ட ரசீது கையில் கிடைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று உண்டு. நமக்கு வேண்டியது உதவித் தொகை அல்ல, வேலை. கை கால் திடமாக உள்ளவன் காயலான் கடை வாசலில் நிற்பது அவனுக்கு அவமானம் அல்ல. அவனை அங்கே நிறுத்திய ஏற்பாட்டுக்குத்தான் அவமானம். முதலில் சைக்கிள் போகும். பிறகு அண்டா போகும். பிறகு தாலியில் கோத்த குண்டுமணித் தங்கம் போகும். அதற்குப் பிறகு விற்க என்ன இருக்கிறது? அது வரை காத்திருக்கலாகாது. அண்டா இன்னும் வீட்டில் இருக்கும்போதே, உத்திரமேரூர் வட்டாரத்து ஆலைத் தொழிலாளிகளும் விவசாயத் தொழிலாளிகளும் ஒன்றாகக் கூடி, இந்த நான்கு கோரிக்கைகளையும் ஒரே மனுவில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இருட்டில் தனியாக அண்டா சுமந்த கைகள், பகலில் சேர்ந்து அந்த மனுவைச் சுமக்கட்டும்.